பூதவாதியும் காலமும்

சென்ற ஆண்டின் இறுதியில் ஆசிரியர்கள் கூடிய ஓர் அவையில் அமர்ந்திருந்தேன். பேச வந்த அன்பர் ஒருவர், உயிரற்ற பொருளிலிருந்து உயிர் தோன்றியது என்னும் கொள்கையை மேனாட்டார் கண்டதாக எண்ணுவது நம் அறியாமை என்றும், மணிமேகலையில் வரும் பூதவாதி அதனை என்றோ சொல்லி முடித்துவிட்டான் என்றும் முழங்கினார். கைதட்டல் ஓய நெடுநேரமாயிற்று. அவரை அடுத்து எழுந்தவரோ, பூதவாதி நாத்திகன் என்றும், மணிமேகலையே நகைத்துத் தள்ளிய கொள்கையை மாணவர்க்கு எடுத்துக் காட்டுதல் தகாது என்றும் உரைத்தார். அதற்கும் கைதட்டினார்கள். இருவரும் அப்பகுதியை முழுதும் படித்தனரா என்னும் ஐயத்தோடு வீடு திரும்பி நூலை எடுத்து வைத்துக்கொண்டேன். அதன் விளைவே இக்கட்டுரை.

சாத்தனார் நூலின் இருபத்தேழாவது காதை, சமயக் கணக்கர் தந்திறம் கேட்ட காதை. மணிமேகலை ஆண் துறவியின் வடிவில் வஞ்சி நகர் புகுந்து, ஒவ்வொரு சமயவாதியையும் அணுகி, நும் கொள்கை யாது எனக் கேட்கிறாள். அளவைவாதியில் தொடங்கும் அவ்வரிசையில் இறுதியாக நிற்பவன் பூதவாதி. மிகச் சில அடிகளே அவனுக்கு ஒதுக்கப்பட்டுள. தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூட்டி வைத்தால், எப்பொருளிலும் தனியே இல்லாத களிப்பு மதுவில் பிறப்பது போலப் பூதங்கள் கூடுமிடத்து உணர்வு பிறக்கும் என்கிறான். பூதங்கள் பிரிந்தால் அவ்வுணர்வு பறையின் ஓசைபோல இல்லையாகிவிடும். கண்ணாற் காண்பதே அறிவு. கருதி அறிவது நில்லாது. இப்பிறப்பும் இதன் பயனும் அன்றி மறுமை என ஒன்று இல்லை என்றும் கூறுகிறான்.

இவ்வளவில் நிறுத்திக்கொண்டால் முதல் அன்பர் கூற்று உண்மை போலவே தோன்றும். ஆனால் இடையே இன்னொன்றும் உண்டு. பூதங்களை அவன் இரு கூறாக்குகிறான். உயிரும் உணர்வும் உடைய பூதங்கள் ஒரு வகை. அவை இல்லாத பூதங்கள் மற்றொரு வகை. முதல் வகையினின்று உயிருள்ளன பிறக்கும். இரண்டாம் வகையினின்று உயிரற்றன பிறக்கும். மேடைகளில் இப்பகுதியை எடுத்துக் காட்டுவோர் எவரும் இதனைச் சொல்லி நான் கேட்டதில்லை. உயிரற்றதிலிருந்து உயிர் எவ்வாறு வந்தது என்பதன்றோ வினா? உயிருள்ள பூதத்திலிருந்து உயிர் வந்தது என்பது அவ்வினாவிற்கு விடையாகாது. வினாவை ஒருபடி பின்னே தள்ளி வைத்தலேயாம். மதுவின் உவமையால் திறந்த கதவை இரண்டு அடி தள்ளித் தானே சாத்திவிடுகிறான் பூதவாதி. இஃது அவன் பிழையா, அன்றி எதிர்ச்சமயத்தார் கொள்கையைச் சுருக்கி எழுதியதால் நேர்ந்த முரணா என்று துணிந்து சொல்ல இயலாது. நமக்குக் கிடைத்த பூதவாதி இவனே; இவனை வைத்தே பேசுதல் வேண்டும்.

இனி அந்த மதுவைப் பார்ப்போம். தோட்டப்புறத்தில் வளர்ந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. காலையில் இறக்கிய தென்னம்பாளைச் சாறு தேனாய் இனிக்கும். மாலைக்குள் நுரைத்துப் புளித்துவிடும். யாரும் எதுவும் சேர்ப்பதில்லை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிவிட்டால் அதே சாறு பதநீராய் நிற்கும். களிப்பு எங்கிருந்து வந்தது? சாற்றிலிருந்து என்றால் சுண்ணாம்பு அதனை ஏன் தடுக்கிறது? இவ்வளவு எளிய சோதனை பனையேறும் குடிகள் எல்லாம் அறிந்தது. ஆயினும் அதன் காரணத்தை 1850 முதல் 1860 வரையிலான ஆண்டுகளிலேதான் பிரெஞ்சு நாட்டு லூயி பாஸ்டர் தெளிவாகக் காட்டினார். சாறு தானே புளிப்பதன்று. கண்ணுக்குத் தெரியாத ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அதில் விழுந்து, சர்க்கரையை உண்டு, பெருகி, சாராயத்தைக் கழிக்கிறது. ஆயுர்வேதத்தார் அரிட்டங்களைப் புளிக்க வைக்கத் தாதகிப் பூவை இன்றும் இடுகின்றனர். அப்பூவில் ஒட்டியிருக்கும் ஈஸ்டும் அப்புளிப்பிற்கு ஒரு காரணமாகும்.

இதன் பொருளை ஆசிரிய அன்பர்கள் நன்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். உயிரில்லாப் பொருள்கள் கூடினால் புதியதொரு தன்மை பிறக்கும் என்பதற்குப் பூதவாதி காட்டிய சான்று மதுக்குடம். அக்குடத்திற்குள்ளே உயிர் ஒளிந்திருந்தது! தன் கொள்கைக்கு எதிரான சாட்சியைத் தானே கூண்டில் ஏற்றிவிட்டான். அதே பாஸ்டர்தான், கொதிக்க வைத்த சாற்றை வளைந்த கழுத்துடைய குடுவையில் வைத்து, புறத்துத் தூசு புகாதவரை அதில் உயிர் தோன்றுவதில்லை என்று நிறுவி, 1862 இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் பரிசையும் பெற்றார்.

அத்துடன் பூதவாதி தோற்றான் என்று எழுதிவிடலாம் போலத் தோன்றும். அவ்வாறு எழுதிய பாடநூல்களும் உண்டு. ஆனால் 1897 இல் ஜெர்மானியர் எடுவர்ட் புக்னர் ஈஸ்டை மணலோடு அரைத்துப் பிழிந்து, உயிருள்ள அணு ஒன்றும் இல்லாத சாற்றை எடுத்தார். அது கெடாதிருக்கச் சர்க்கரை சேர்த்தார். சாறு நுரைக்கத் தொடங்கிற்று. உயிர் இறந்தபின்னும் அதன் உள்ளிருந்த என்சைம் என்னும் நொதிப்பொருள் தன் தொழிலைச் செய்தது. அதற்காக அவர் 1907 இல் இரசாயனத்திற்கான நோபல் பரிசு பெற்றார். ஆகவே புளிப்பு என்பது இறுதியில் பொருளின் தொழிலே. பூதவாதி இழந்ததில் பாதியைப் புக்னர் மீட்டுக் கொடுத்தார் எனலாம். பாதிதான், ஏனெனில் அந்நொதியைச் செய்து வைத்தது உயிருள்ள ஈஸ்ட் அன்றோ?

உலகாயதர் கூற்றாக வழங்கும் மற்றோர் உவமை உண்டு: வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றிலும் காணாத செம்மை அவை கூடியபோது வாயில் தோன்றுதல். மதுவைவிட இதுவே நல்ல உவமை என்பது என் கருத்து. இதில் நுண்ணுயிர் ஒளிந்திருக்கவில்லை. பாக்கின் துவர்ப்பொருள் சுண்ணாம்பின் காரத்தில் சிவக்கிறது, அவ்வளவே. கூட்டத்தினால் புதுத்தன்மை பிறக்கும் என்பதற்குக் குற்றமற்ற சான்று. ஆயினும் உயிரை விளக்க இதுவும் போதாது. வாயிற் பிறந்த செம்மை, வேறு பாக்கையும் சுண்ணாம்பையும் தேடிப்போய்த் தன்னைப்போல் இன்னொரு செம்மையைச் செய்வதில்லை. ஈஸ்ட் செய்கிறது. பழங்கள்ளின் அடிமண்டியைப் புதுச்சாற்றில் சிறிது இட்டால் விரைந்து புளிக்கும் என்பதைக் கள்ளுக்கடை இருந்த காலத்துத் தோட்டத்தார் அறிவர். தன்னைப்போல் பிறிதொன்றைச் செய்தல், செய்யும்போது சிறிது மாறுதல், மாறியதும் வழிவழி வருதல் என்னும் இவை உள்ளதையே உயிர் என்கிறோம். மூன்றும் ‘வழி’ என்னும் சொல்லைச் சார்ந்து நிற்பன. முன் பின் என்பது இல்லாமல் வழி ஏது?

ஈண்டுதான் பூதவாதியின் பெருங்குறை தெரிகிறது. அவன் பட்டியலில் காலம் இல்லை. அக்காலத்தார் காலத்தை ஒரு பொருளாக எண்ணவில்லை என்று யாரும் சமாதானம் கூற வேண்டா. அதே காதையில், அவனுக்கு முன்னே பேசிய வைசேடிகன் நிலம், நீர் முதலியவற்றோடு திசையையும் காலத்தையும் பொருள் ஒன்பதனுள் வைத்து எண்ணுகிறான். அவனுக்கும் முன்னே நிகண்டவாதி, கணம் என்னும் மிகச்சிறு நிகழ்ச்சியையும் கற்பம் என்னும் நெடு நிகழ்ச்சியையும் ஆக்குவது காலம் என்று தெளிவாகவே சொல்கிறான். இவையெல்லாம் பேசப்பட்ட அவ்விடத்திலேயே பூதவாதி பூதத்தை மட்டும் சொல்லி அமைகிறான்.

தமிழாசிரியர்க்குப் பழகிய ஒன்றைக் கொண்டு இதனை விளக்கலாம். பெயர்ச்சொல் காலம் காட்டாது, வினை காட்டும் என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. தொழிற்பெயர் முதலியன விலக்கு, அது நிற்க. பூதவாதி உலகைப் பெயர்ச்சொற்களால் கட்டினான். நிலம், நீர், தீ என்று அடுக்கி, அவை கூடின என்ற ஒரே வினையோடு நிறுத்திக்கொண்டான். எத்தனை முறை கூடின, கூடியது நின்றதா சிதைந்ததா, நின்றதன்மேல் அடுத்தது எவ்வாறு அமைந்தது என்னும் வினைகள் அவனிடம் இல்லை. வகுப்பில் ஒரு மாணவன் பயனிலையின்றி வாக்கியம் எழுதினால் நாம் சிவப்பு மையால் திருத்துவோம்.

ஏன் அவனால் காலத்தைச் சொல்ல இயலவில்லை? விடை அவனுடைய அளவையிலேயே உள்ளது. காட்சி ஒன்றே அளவை என்றான். காட்சி நிகழ்காலத்தது. நேற்றை எவனும் காண்பதில்லை. நேற்று விட்டுச்சென்ற சுவட்டை இன்று கண்டு கருதியே அறிகிறோம். இதனையும் அக்காதையே சொல்லிக் கொடுக்கிறது. தொடக்கத்தில் அளவைவாதி கருதலளவையைப் பொது, எச்சம், முதல் என மூன்றாக்குகிறான். ஆற்றில் வெள்ளம் வரக் கண்டு, மேலே மழை பெய்தது என்று துணிவது எச்சம். கருமுகில் கண்டு மழை வரும் என்பது முதல். முக்காலத்தோடும் தொடர்புடையது கருதலளவை என்பதும் அங்கே குறிக்கப்பட்டுள்ளது. பூதவாதி அளவைவாதியின் பேச்சைக் கேட்டிருக்கவில்லை போலும்!

பூதவாதி பேசி முடித்ததும் மணிமேகலை நகைக்கிறாள். தன் முற்பிறப்பை அறிந்தவள் அவள். மறுபிறப்பு இல்லை என்பவனைக் கண்டு நகைத்தாள். அவனோ, தெய்வத்தால் மயங்குவதும் கனவும் மனத்தை வேறாக்கும், ஆதலின் அவ்வறிவை ஐயமாகவே கொள்ள வேண்டும் என்று மறுமொழி தருகிறான். உள்ளதைச் சொன்னால், இது வலிய மறுமொழி. முற்பிறப்பு நினைவு என்பது ஒருவர் உள்ளத்து நிகழ்வு. பிறர்க்கு அது சான்றாகாது. சாத்தனார் தம் தலைவியை எதிர்ப்பவன் வாயில் இத்தகைய கூரிய சொல்லை வைத்தது அவர் நேர்மையைக் காட்டும். மணிமேகலை இதற்கு நேரே விடை தரவில்லை. அப்படியானால் உன் தாய் தந்தையரைக் கருதலளவையால் அன்றி வேறு எவ்வாறு அறிந்தாய் என்று கேட்கிறாள். காதை அத்துடன் அவனை விட்டுவிடுகிறது.

இவ்வினா மறுபிறப்பை நிறுவுகிறதா? நிறுவவில்லை. கருதல் ஓர் அளவை என்பதை மட்டுமே நிறுவுகிறது. அதனால்தான் அவையில் இரண்டாவதாகப் பேசிய அன்பர் சொன்னதுபோல, பொருளிலிருந்து உயிர் என்னும் கொள்கையை மணிமேகலை வீழ்த்திவிட்டாள் என்று கொள்ள இயலாது. அவள் வீழ்த்தியது அவனுடைய அளவையை. அவள் வினா அவனுக்கு வேண்டிய மருந்துமாம். உன் பிறப்பை நீ கண்டாயா என்று அவள் கேட்டாள். உயிரின் பிறப்பை எவர் கண்டார் என்று நாம் அதனை நீட்டிக் கேட்கலாம். காட்சி ஒன்றையே கொள்பவன் தன் கொள்கையைத் தானே நம்ப முடியாது. பூதவாதியின் பொருளுக்கு மணிமேகலையின் அளவை வேண்டும். இன்றைய விஞ்ஞானிகள் செய்திருப்பது இவ்விரண்டையும் சேர்த்ததுதான்; நம் நூல்களைப் படித்து அல்ல, தம் வழியில்.

அவர்கள் கருதலளவையை எவ்வாறு ஆள்கிறார்கள் என்பதற்கு ஒரு சான்று. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜாக் ஹில்ஸ் என்னும் இடத்தில் சிர்க்கோன் என்னும் மிகச்சிறு மணித்துகள்கள் கிடைக்கின்றன. சிர்க்கோன் உருகிய பாறையிலிருந்து உறையும்போது யுரேனியத்தை உள்ளே ஏற்கும், ஈயத்தை ஏற்காது. யுரேனியமோ மிக மெல்லத் தேய்ந்து ஈயமாக மாறும். அதன் பெருவகை பாதியாகத் தேய ஏறத்தாழ 447 கோடி ஆண்டு ஆகும். ஆகவே துகளுக்குள் இன்று காணும் ஈயம் அதன் அகவையைச் சொல்லும் நாழிகைவட்டில். அத்துகள்களில் மிகப் பழையது 440 கோடி ஆண்டினது. விண்கற்களை இம்முறையில் ஆய்ந்தே பூமியின் அகவை ஏறத்தாழ 454 கோடி ஆண்டு எனக் கண்டனர். அதே மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா வட்டாரத்தில், நுண்ணுயிர்கள் படலம் படலமாகப் படிந்து உண்டாக்கிய பாறை வடிவங்கள் 348 கோடி ஆண்டுப் பழமையுடையன என்பது ஆய்வாளர் பெரும்பாலோர் முடிபு. வெள்ளம் கண்டு மழையை அறிதல் என்று அளவைவாதி சொன்னதன்றி இது வேறன்று. வெள்ளம் பாறையில் உறைந்து கிடக்கிறது, அவ்வளவே வேற்றுமை.

மழை எவ்வாறு பெய்திருக்கக் கூடும் என்பதற்கான சோதனைகளும் நடந்தன. ரஷ்யாவில் ஓபாரின் 1924 இலும், இங்கிலாந்தில் ஹால்டேன் 1929 இலும் தனித்தனியே கருத்துரைத்தனர். 1953 இல் சிகாகோ பல்கலைக் கழகத்தில் ஹெரால்டு யூரேயின் மாணவர் ஸ்டான்லி மில்லர், மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றை ஒரு கண்ணாடிக் கலத்தில் அடைத்து மின்பொறி பாய்ச்சினார். ஒரு வாரத்தில் புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்கள் சில தோன்றின. பூமியின் பழைய காற்று அவ்வாறே இருந்ததா என்பதில் பின்னர் ஐயம் எழுந்தது. ஆனால் 1969 இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் விழுந்த விண்கல்லிலும், பென்னு என்னும் சிறுகோளிலிருந்து 2023 இல் கொண்டுவரப்பட்ட மண்ணிலும் அமினோ அமிலங்கள் இருக்கக் கண்டனர். உயிரின் செங்கற்கள் உயிரின்றியே ஆகும் என்பது இதனால் உறுதி. பின்னர் 1982 இல் தாமஸ் செக், மரபுச் செய்தியைத் தாங்கும் ஆர்.என்.ஏ. என்னும் பொருளே நொதியின் தொழிலையும் செய்யவல்லது எனக் காட்டினார். புக்னர் பாதியில் விட்ட இடத்திற்கு, அதாவது நொதியை முதலில் செய்தது எது என்ற வினாவிற்கு, இதனால் ஒரு வழி பிறந்தது.

செங்கல் கிடைத்ததனால் வீடு எழுந்துவிடவில்லை. எளிய பொருள்களிலிருந்து தொடங்கித் தானே வாழ்ந்து பெருகும் உயிரை இன்றுவரை எவரும் ஆய்வுக்கூடத்தில் ஆக்கியதில்லை. இதனை மறைத்துப் பேசும் விஞ்ஞானப் பற்றாளரும் உளர். அவர்களும் நம் முதல் அன்பரும் ஒரே மேடையில் அமரத் தக்கவர்.

காலத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. கோடி கோடி ஆண்டுகள் கிடந்தால் எதுவும் ஆகிவிடும் என்று சிலர் காலத்தையே கடவுளாக்கிப் பேசுவர். கூழாங்கல்லைக் கற்பகாலம் குடத்திலிட்டு வைத்தாலும் அது அரிசியாகாது. நேர்ந்த மாற்றம் சிதையாது நின்று, அடுத்த மாற்றத்திற்கு அடியாகுமிடத்தே காலம் பயன்படும். அல்லாவிடத்து வீணே கழியும். பாறைகள் சொல்லும் கணக்கும் இதனையே காட்டுகிறது. பூமி தோன்றியது முதல் பில்பரா நுண்ணுயிர்கள் வரை 106 கோடி ஆண்டே சென்றது. அந்நுண்ணுயிர்கள் முதல், விலங்கு எனத் தக்க பேருயிர்களின் சுவடு தெளிவாகத் தெரியும் ஏறத்தாழ 57 கோடி ஆண்டுக்கு முன்பு வரையோ, 290 கோடி ஆண்டு ஓடிற்று. பொருள் உயிராவதைவிட உயிர் மீனாவதும் மானாவதும் அன்றோ நெடிதாயிற்று! மிகக் கடினம் என்று நாம் எண்ணியது விரைந்தும், எளிது என்று எண்ணியது தாழ்ந்தும் நிகழ்ந்தமை ஏன் என்பது இன்னும் ஆராயப்படுவது.

பாஸ்டர் குடுவையைப் பற்றியும் ஒரு சொல். அவர் காட்டியது, கொதித்த சாற்றில் அந்நாட்களில் உயிர் தோன்றவில்லை என்பது. நானூறு கோடி ஆண்டுக்கு முன் கடலில் தோன்றவில்லை என்பதை அக்குடுவை காட்டாது. அங்கும் இடையில் விடுபட்டது காலமே.

உயர்நிலை மாணவர்க்கு இலக்கியம் கற்பிப்போர் இருபத்தேழாம் காதையோடு இருபத்தொன்பதாம் காதையையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டுமென்பது என் வேண்டுகோள். அங்கே அறவண அடிகள் காட்சி, கருதல் என்னும் இரண்டே அளவை எனக் கொண்டு, கருதலில் நேரும் போலிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டுகிறார். வறண்ட பகுதி என்று பலர் அதனைத் தாண்டிச் செல்வர்; நானும் இளமையில் அவ்வாறே தாண்டியவன். கருதல் வேண்டும் என்று பூதவாதிக்குச் சொன்ன மணிமேகலை, கருதல் எவ்வெவ்வாறு வழுவும் என்பதை அங்கே மாணவியாய் அமர்ந்து கற்கிறாள். நகைத்தவள் பாடம் கேட்கிறாள் என்பதை மாணவர் காண வேண்டும்.

இன்னும் ஒன்று எஞ்சியுள்ளது. பூதவாதியின் மது உவமை சிறப்பாகக் குறிப்பது உணர்வை. மில்லரும் செக்கும் ஆராய்ந்தது உயிரின் பொருளடிப்படையை. ஈஸ்டுக்கு உயிர் உண்டு. உணர்வு உண்டு என்பார் அரியர். உயிரை ஆறறிவு வரை படிப்படியாக வகுத்த தொல்காப்பிய மரபியல் இவ்விரண்டையும் எவ்வாறு இணைக்கிறது, பறை கிழிந்தால் ஓசை கெடும் என்ற பூதவாதியின் மற்றோர் உவமை எந்த அளவு நிற்கும் என்பன தனியே ஆராயத் தக்கவை. இரண்டு நூல்களையும் மறுபடி படித்தபின் அதனைப் பற்றி எழுதுவேன்.